பெயர் எழுத வேண்டியதில்லை

நாத்தனாரை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தைத் தட்டச்சு செய்யும் வேலை நேரக்காரியின் மேசைக்கே வந்தது.

அது ஒரு சலவை ஆலை. ஆஸ்பத்திரிகளிலும் ஓட்டல்களிலும் சேருகிற விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் மூட்டை மூட்டையாக ஒரு வாசலில் நாற்றத்தோடு நுழைந்து, மறு வாசலில் மடிப்புக் கலையாமல் வெளியே போகும். நுழைவாசலை ஒட்டிக் கண்ணாடி போட்ட சின்ன அறை ஒன்று. யார் எத்தனை மணிக்கு வந்தார், யார் எத்தனை நிமிஷம் பிந்தினார், யார் கூடுதல் நேரம் நின்றார் என்று எழுதுவதும் அலுவலகக் கடிதங்களைத் தட்டச்சு செய்வதும் அந்த அறையில் இருப்பவளின் வேலை. அதனால் ஆலையில் அவளுக்கு நேரக்காரி என்றே பெயர். அவள் கணவன் அதே ஆலையின் வேன் ஒன்றை ஓட்டினான். கணவனின் அக்கா உருளை இஸ்திரியில் நின்றாள்.

உருளை என்பது சாதாரண இஸ்திரி இல்லை. ஆள் உயரத்துக்குப் படுத்த மாதிரி இரண்டு பெரிய இரும்பு உருளைகள். உள்ளே நீராவி ஓடும். ஈரம் காயாத விரிப்பை இருவர் இரு முனையிலும் பிடித்து, சுருக்கமில்லாமல் இழுத்து, உருளைகளுக்கு நடுவே நுழைக்க வேண்டும். அந்தப் பக்கம் காய்ந்து, மொடமொடவென்று வந்து விழும். ஒரு நிமிஷத்துக்கு நான்கு விரிப்பு. கோடைகாலத்தில் அந்த இடத்தில் நிற்பவர்களுக்கு வியர்வை வருவதுகூட நின்றுபோகும். உடம்பில் ஊற ஒன்றும் மிச்சமிருக்காது. நாத்தனார் அங்கே பதினொரு வருடம் நின்றாள். கல்யாணமான இரண்டாம் வருடமே புருஷன் விட்டுப் போய்விட, தம்பியைப் படிக்கவைத்ததும், வேன் ஓட்டப் பழக்கிவிட்டதும், அவனுக்குக் கல்யாணம் செய்துவைத்ததும் அவள்தான். வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். அதை யாரும் சுமையாகவும் நினைத்ததில்லை.

நேரக்காரி மேலே படிக்கிறேன் என்று சொன்னபோது முதலில் தலையாட்டியதும் நாத்தனார்தான். தொலைதூரக் கல்வியில் எம்.பி.ஏ.; பிரிவு, மனிதவள மேலாண்மை. செமஸ்டருக்கு ஒரு முறை தபாலில் புத்தகக் கட்டு வரும். விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, அடுப்பில் உலையை வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து படிப்பாள். ஞாயிற்றுக்கிழமை நேரடி வகுப்பு. ஏதோ ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் வகுப்பறையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் முழங்காலை மடக்க முடியாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, தலைமைப் பண்புகளைப் பற்றிக் குறிப்பெடுத்தார்கள். அந்த ஞாயிறுகளில் நேரக்காரியின் மகளைக் குளிப்பாட்டி, தலைவாரி, சோறு போட்டு, வீட்டுப்பாடம் எழுதவைத்தது நாத்தனார்.

"மனிதவளம்னா என்னடி?" என்று ஒருநாள் கேட்டாள். "மண்வளம் மாதிரியா?"

"அப்படித்தான் அண்ணி. மனுசங்களும் ஒரு வளம்."

"அப்போ உரம் போடுவாங்களா?"

"போடணும்னுதான் புத்தகத்துல இருக்கு."

"எங்க மேனேஜரு நேரா உழவு ஓட்டறாரே!" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள்.

கடைசி செமஸ்டரில் ப்ராஜெக்ட். ஏதாவது ஒரு நிறுவனத்தில் ஆய்வு செய்து, அறுபது பேரிடமாவது படிவம் நிரப்பி வாங்கி, அறிக்கை எழுதி, நிறுவனத்தின் சான்றிதழோடு அனுப்ப வேண்டும். 'தொழிலாளர்கள் வேலையை விட்டுப் போவதற்கான காரணங்கள்' என்று தலைப்பு எடுத்துக்கொண்டாள். மற்றவர்களைப் போல இணையத்தில் பார்த்து எழுதிவிடலாம். அவளுக்கு மனசு வரவில்லை. ஐந்து வருடமாக வருகைப் பதிவில் பெயர்களை எழுதியவள். ஒரு பெயருக்கு நேராக மூன்று நாள் தொடர்ந்து கட்டம் காலியாக இருந்தால், நான்காம் நாள் அந்தப் பெயரின் மேல் கோடு போடுவாள். கோடு போட்டவர்களெல்லாம் எங்கே போனார்கள், ஏன் போனார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. அதைக் கேட்க வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தாள்.

படிவத்தின் தலையில் புத்தகத்தில் சொன்னபடியே அச்சடித்தாள்: 'உங்கள் பெயர் எழுத வேண்டியதில்லை. உங்கள் விடைகள் இரகசியமாக வைக்கப்படும்.' அதற்குக் கீழே, அதுவும் புத்தகத்தில் சொன்னபடியே: வயது, பாலினம், பிரிவு, பணிபுரிந்த ஆண்டுகள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவராகப் பார்த்து வாங்கினாள். முதலில் தயங்கினார்கள். "நம்ம நேரக்காரி படிப்புக்கு" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்களும் எழுதினார்கள். நாத்தனாருக்கு எழுதுவது கஷ்டம். கையெழுத்து மட்டும் போடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டே அவள் சொல்லச் சொல்ல, நேரக்காரி எழுதினாள்.

"'உங்கள் மேற்பார்வையாளர் உங்களை ஊக்குவிக்கிறாரா?'"

"ஊக்குவிக்கிறதுன்னா?"

"நல்லா செய்யறீங்கன்னு நாலு வார்த்தை சொல்றது."

"போன வருசம் காய்ச்சல்ல ரெண்டு நாள் படுத்துட்டு வந்தேன். 'இன்னும் இருக்கியா'ன்னு கேட்டாரு. அதை எதுல சேர்ப்ப?"

"'சில நேரங்களில்'னு ஒரு கட்டம் இருக்கு."

"அதுல போடு."

இருபத்திரண்டாவது கேள்வி, பணியிடப் பாதுகாப்பு. கட்டம் இல்லை, நான்கு வரி காலியிடம். நாத்தனார் வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"உருளைக்கு முன்னாடி ஒரு கம்பி இருக்குல்ல? விரல் பட்டா மெஷின் நிக்கும். அதைச் சீசன் ஆரம்பிச்சதுலேருந்து விரிப்புத் துணியைக் கிழிச்சு மேல தூக்கிக் கட்டி வச்சிருக்காங்க. சும்மா சும்மா மெஷின் நிக்குதாம், வேலை ஓடலையாம். போன மாசம் என் ஜோடிப் பொண்ணுக்கு ரெண்டு விரல் உள்ள போயிடுச்சு. நான்தான் ஓடிப்போய்ச் சுவிட்சை அமுக்கினேன். வீட்டு அடுப்புல கை சுட்டுடுச்சுன்னு எழுதி அனுப்பிட்டாங்க. அவ வேலையை விட்டுப் போயிட்டா. நீ ஏன் போறாங்கன்னுதானே கேக்குற? இதுக்குத்தான் போறாங்க. எழுது."

எழுதினாள். சொன்னதில் ஒரு சொல்கூட விடாமல் எழுதினாள். இடம் போதாமல் ஓரத்தில் தொடர்ந்து, பின்பக்கமும் போனாள்.

"பேரு போடமாட்டல்ல?"

"போடமாட்டேன் அண்ணி. மேலேயே அச்சடிச்சிருக்கு பாருங்க."

அறிக்கை முடிந்தது. மேனேஜர் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. மேனேஜர் அந்த ஆலைக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மெதுவாகப் பேசுவார். யாரையும் நீங்க, வாங்க என்றுதான் சொல்வார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இதெல்லாம் நீங்களே உட்கார்ந்து நிரப்பினதா இருந்தா? நான் கையெழுத்துப் போடறேன், நாளைக்கு யூனிவர்சிட்டியில கேட்டா என்ன சொல்றது? ஒரிஜினல் ஃபாரம் கொண்டு வாங்க. பார்த்துட்டுத் தர்றேன்."

நேரக்காரி தயங்கினாள். முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார்கள், படிவம் ஆய்வாளர் கையை விட்டு எங்கும் போகக்கூடாது என்று. ஒருநாள் முழுக்க யோசித்தாள். வெள்ளிக்கிழமை அறிக்கை அனுப்பக் கடைசி நாள். விட்டால் அடுத்த வருடம். பெயர்தான் இல்லையே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மறுநாள் காலை அறுபது படிவத்தையும் கயிறு போட்டுக் கட்டி, அவர் மேசையில் வைத்தாள்.

சான்றிதழ் வரவில்லை. "பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றே வியாழக்கிழமை வரை சொன்னார். வியாழன் மதியம் மூன்று துண்டுச் சீட்டு வந்தது. ஆள் குறைப்பு; இந்த மூன்று பேருக்கும் இன்றைக்கே கடிதம் தயார் செய்யவும். பெயர் இல்லை, வருகை அட்டை எண் மட்டும்.

முதலாவது, மடிப்புப் பிரிவில் பதினாறு வருடம் இருந்தவர். மடிப்பு என்றே அவரைக் கூப்பிடுவார்கள். பாவம், இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டே தட்டச்சு செய்தாள். இரண்டாவது, துவைக்கிற பகுதியில் இருந்த கிழவர். சோப்பு என்று பெயர். இந்த வயதில் எங்கே போவார் என்று நினைத்தாள். அதையும் தட்டச்சு செய்தாள். மூன்றாவது எண்ணை எழுத ஆரம்பித்தபோதுதான், தினமும் காலையில் தன் கையாலேயே எடுத்துக் கொடுக்கும் அட்டையின் எண் அது என்று விரலுக்குத் தெரிந்தது.

சீட்டை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், இது உருளையில இருக்கறவங்க."

"ஆமா."

"என் நாத்தனார் சார். எங்க வீட்டுலதான் இருக்காங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அது நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார்.

"கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா இந்த மாதிரி நேரத்துலதான் ப்ரொஃபஷனலா இருக்கணும். படிச்சிருப்பீங்களே? உங்க ரிப்போர்ட் எனக்கு ரொம்ப உபயோகமா இருந்துச்சு. எங்க அதிருப்தி இருக்கு, யார் மத்தவங்களையும் கெடுக்கறாங்கன்னு ஆறு மாசமா எனக்குப் பிடிபடலை. நீங்க ஒரே வாரத்துல கண்டுபிடிச்சுக் கொடுத்துட்டீங்க. மேலிடத்துல சொல்லியிருக்கேன். அடுத்த மாசம் ஹெச்.ஆர். உதவியாளர் போஸ்ட் ஒண்ணு வருது."

ஓரத்து மேசையில் அவளுடைய படிவக் கட்டு பிரிந்து கிடந்தது. மேலே மூன்று மட்டும் தனியாக. மூன்றிலும் சிவப்பு மையால் வட்டம். தன் கையெழுத்தை அவள் தூரத்திலிருந்தே கண்டுகொண்டாள். வயது நாற்பத்தாறு, பெண், உருளை, பதினொரு ஆண்டுகள். ஓரத்தில் சிவப்பில்: 'இவள் ஒருத்திதான். முதலில் இவள்.'

பெயர் எதற்கு? அந்த ஆலையில் நாற்பத்தாறு வயதில், உருளையில், பதினொரு வருடமாக வேறு யார் இருந்தார்கள்? வருகைப் பதிவு அவள் கையில்தானே இருந்தது! அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும் அது? 

ஓரத்து மேசைக்குப் போய், படிவங்களை அள்ளி அடுக்கத் தொடங்கினாள்.

"என்ன செய்யறீங்க? அதை வைங்க."

"என் ப்ராஜெக்ட் சார்."

"கம்பெனி ஆளுங்ககிட்ட, கம்பெனி நேரத்துல எடுத்தது. அது கம்பெனியோடது."

"சாப்பாட்டு நேரத்துல எடுத்தது. பன்னிரண்டரையிலேருந்து ஒண்ணு வரைக்கும். நேரம் எழுதறவ நான் சார். எனக்குத் தெரியாதா?"

"அந்த சர்டிஃபிகேட்ல கையெழுத்து வேணாமா உங்களுக்கு?"

அவள் அறுபதையும் எண்ணினாள். இரண்டாவது தடவையும் எண்ணினாள். சாப்பாட்டுப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தாள். மூன்றாவது கடிதத்தை மேனேஜரே தட்டச்சு செய்தார். நாத்தனாரின் பெயரில் ஒரு எழுத்துப் பிழையோடு, சாயங்காலம் வாசலில் வைத்து அது கொடுக்கப்பட்டது.

அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. கணவன் வேனை நிறுத்திவிட்டு வருவதற்கு முன்பே நேரக்காரி எல்லாவற்றையும் நாத்தனாரிடம் சொல்லிவிட்டாள். அழுதுகொண்டு சொல்லவில்லை, அழுதால் மன்னிப்புக் கேட்டது போலாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். நாத்தனார் சுவரில் சாய்ந்து, கடைசிவரை கேட்டாள்.

"அப்போ நீ குடுத்த."

"ஆமா அண்ணி."

"அவன் திருடலை. பிடுங்கலை. கேட்டான், நீ குடுத்த."

"சர்டிஃபிகேட்டுக்காக…"

"சர்டிஃபிகேட்டு! உனக்கு ஒரு காகிதம் வேணும்னு என்னை ஒரு காகிதத்துல மடிச்சுக் குடுத்திருக்க. ஏண்டி, ஊர்ல இருக்கற அத்தனை பேரும் அந்த மெஷின்கிட்ட வாயை மூடிக்கிட்டு நிக்கறாங்க. எனக்குத் தெரியாதா வாயை மூட? பதினொரு வருசம் மூடினவதானே? உன்கிட்டதான் தொறந்தேன். வீட்டுக்குள்ள, வெங்காயம் உரிச்சுக்கிட்டு. என் தம்பி பொண்டாட்டிகிட்ட!"

"பேரு இல்லைன்னு நெனச்சேன்."

"பேரு இல்லை. மூஞ்சி இருக்குல்ல? வயசு இருக்கு, வருசம் இருக்கு, நான் நிக்கற இடம் இருக்கு. மிச்சம் என்ன இருக்கு எனக்கு? அவ்வளவுதாண்டி நானு!"

கணவன் வந்தான். விஷயம் தெரிந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடுக்கூடத்தில் நின்று கத்தினான். புத்தகத்தையெல்லாம் தூக்கி எறிகிறேன் என்று அலமாரிப் பக்கம் போனான்.

"டேய், அதைத் தொடாதே," என்றாள் நாத்தனார். "அது எதுக்கு? காகிதம் என்ன பண்ணுச்சு? வாயிருக்கறவகிட்ட கேளு."

மகள் கதவோரம் நின்று எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மறுநாள் சாயங்காலம் மடிப்பின் மனைவி வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்க வீட்டுக்காரர் லெட்டரை அடிச்சது நீதானே?"

"ஆமா."

"அடிச்சு முடிச்சிட்டு, அடுத்ததையும் அடிச்சிட்டு, உன் வீட்டு ஆளு பேரு வந்ததும் கை நின்னுச்சு. அப்படித்தானே?"

நேரக்காரி தலையை ஆட்டினாள்.

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்," என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள். நாத்தனார் அவ்வளவு சொன்னபோதும் நிமிர்ந்து நின்ற நேரக்காரி, இதற்குப் பிறகுதான் சமையலறையில் போய் உட்கார்ந்தாள்.

அடுத்த நாட்களில் நாத்தனார் வீட்டைத் துவைத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். திரைச்சீலை, மெத்தை உறை, கால்மிதி, அழுக்கே இல்லாத சட்டைகள். கையால் கசக்கிப் பிழிந்து, கொடியில் அறைந்து போட்டாள். மழை பெய்து ஒன்றும் காயவில்லை. ஈரத்துணி வாசம் வீடு முழுக்க. நேரக்காரியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியிருந்தால் மகள் வழியாகப் பேசினாள். "உப்புத் தீர்ந்துபோச்சுன்னு உங்க அம்மாகிட்ட சொல்லு." இரண்டடி தள்ளி நின்ற அம்மாவிடம் மகள் திரும்பி, "உப்புத் தீர்ந்துபோச்சாம்மா," என்பாள்.

நேரக்காரிக்கும் ஆலையில் அறை மாறிவிட்டது. வருகைப் பதிவை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அவளைக் கிடங்கில் சோப்புத்தூள் மூட்டை எண்ண வைத்தார்கள். மூட்டைகளுக்கு நடுவே நின்றபடிதான் கோபம் அவளுக்குள் திசை மாறியது. ஒரு வாரம் தன்னையே திட்டியாயிற்று. அதனால் யாருக்கும் ஒரு பிடி சோறு கூடுதலாகக் கிடைக்கவில்லை. தொழிலாளர் சட்டம் என்று இரண்டாம் செமஸ்டரில் ஒரு தாள் இருந்தது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்து, எழுதி, மறந்த தாள். விடிகாலையில் எழுந்து அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்தாள். ஆள் குறைப்பு என்றால் முன்னறிவிப்பு வேண்டும். கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும். குற்றம் என்றால் விசாரணை வேண்டும். பதினாறு வருடக்காரரும் பதினொரு வருடக்காரியும் ஆள் குறைப்பில் எப்படி முதலில் வந்தார்கள்? மூன்று மனு எழுதினாள். எழுதி முடித்ததும், படிவக் கட்டிலிருந்து சிவப்பு மை பட்ட மூன்றையும் தனியே எடுத்தாள். பிறகு நாத்தனார் துணி பிழியும் இடத்துக்குப் போய் நின்றாள்.

"அண்ணி. தொழிலாளர் ஆபீஸ்ல கொடுக்க மனு எழுதியிருக்கேன். இதுல அந்தாளு கைப்பட எழுதியிருக்கான், முதல்ல இவளைன்னு. இதைச் சேர்த்துக் கொடுத்தா ஆள் குறைப்புன்னு சொன்னது பொய்யின்னு ஆயிடும். ஆனா இது உங்க ஃபாரம். நீங்க சொன்னாத்தான் கொடுப்பேன்."

நாத்தனார் நிமிரவில்லை.

"இப்போ கேக்க வந்திருக்க."

"ஆமா."

"அன்னிக்கு இந்த வாய் எங்க போச்சு?"

"அன்னிக்குக் கேக்கலை. தப்புதான். இன்னிக்குக் கேக்குறேன்."

நாத்தனார் துணியை உதறினாள். தண்ணீர் நேரக்காரியின் முகத்தில் தெறித்தது. அது தற்செயலாகவும் இருக்கலாம்.

"இதைக் குடுத்தா அந்த ஆபீசர் எல்லாத்தையும் படிப்பாங்களா? கம்பியைக் கட்டி வச்சது, அந்தப் பொண்ணு விரலு, எல்லாம்?"

"படிப்பாங்க."

"உரக்கப் படிப்பாங்களா?"

"தெரியலை அண்ணி."

"படிக்கச் சொல்லு. குடு."

மடிப்பு சம்மதித்தார். சோப்பு சம்மதிக்கவில்லை. அவருக்குப் பேருந்துகளைக் கழுவுகிற இடத்தில் வேலை கிடைத்திருந்தது. "என் ஃபாரத்தை என்கிட்ட குடும்மா," என்று வாங்கினார். படித்துப் பார்த்தார். "நான் எழுதினது சரியாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு நாலாகக் கிழித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நேரக்காரி அவரை வற்புறுத்தவில்லை.

விசாரணை ஒரு புதன்கிழமை, காலை பதினோரு மணி. தொழிலாளர் அலுவலகத்தில் மின்விசிறி ஓடியது, காற்றுதான் வரவில்லை. அதிகாரி ஒரு பெண். ஜலதோஷம் பிடித்து, கைக்குட்டையும் கையுமாக இருந்தார். ஒரு பக்கம் மேனேஜர், கோப்போடு. மறுபக்கம் மடிப்பு, நாத்தனார், பின்னால் நேரக்காரி. கணவன் வேனை வெளியே நிறுத்திவிட்டு வாசலில் நின்றான்.

அதிகாரி படிவத்தைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"இந்தச் சிவப்பு மை யாரோடது?"

"அது கம்பெனியோட உள் ஆவணம் மேடம். அனுமதி இல்லாம எடுத்துட்டு வந்திருக்காங்க. அதுக்கே நடவடிக்கை எடுக்கலாம்," என்றார் மேனேஜர்.

"உள் ஆவணம்னா உங்க கையெழுத்துன்னு எடுத்துக்கறேன். சரி, இந்த நீல மை?"

நேரக்காரி எழுந்தாள். "என் கையெழுத்து மேடம். என் படிப்புக்காக நான் கேட்டு எழுதினது. யாருக்கும் காட்டமாட்டேன்னு சொல்லித்தான் வாங்கினேன். நான்தான் இவர்கிட்ட கொடுத்தேன். கொடுத்திருக்கக்கூடாது."

"அப்போ இதுல இருக்கறது நீங்க எழுதினது. அவங்க சொன்னாங்கன்னு என்ன நிச்சயம்?" என்று மேனேஜர் மெதுவாகக் கேட்டார். "மேடம், இந்தம்மாவுக்கு என் மேல வருத்தம். படிப்புக்குக் கையெழுத்துப் போடலைன்னு."

நாத்தனார் எழுந்து நின்றாள். யாரும் கூப்பிடவில்லை.

"எழுதினது அவ. சொன்னது நானு. இன்னொரு தடவை சொல்லவா?" அதிகாரி வேண்டாம் என்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள். இரண்டு கைகளையும் நீட்டி, விரிப்பு பிடிப்பது போலப் பிடித்தாள். "இப்படி நிப்போம். இந்த உயரத்துல கம்பி இருக்கணும். அது இப்போ இங்க இருக்கு," என்று தலைக்கு மேலே காட்டினாள். "விரிப்பைக் கிழிச்சுக் கட்டியிருக்கு. நாலு முடிச்சு. என் ஜோடிப் பொண்ணு விரல் உள்ள போனப்போ அவ கத்தலை மேடம். சத்தமே வரலை. வாய் மட்டும் தொறந்துச்சு. நான் அவ வாயைப் பார்த்துத்தான் சுவிட்சுக்கு ஓடினேன்."

அதிகாரி கைக்குட்டையைக் கீழே வைத்தார். "நீங்க அப்பவே யார்கிட்டயும் சொல்லலையா?"

"மெக்கானிக்குகிட்ட சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"கட்டினவரே அவருதான் மேடம்."

மேனேஜர் கோப்பைத் திறந்தார். உற்பத்திக் கணக்கைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். அதிகாரி, "இருங்க, அது அப்புறம். இன்னிக்கு மூணு மணிக்கு நான் அந்த மெஷினைப் பார்க்க வர்றேன். அதுக்குள்ள யாராவது முடிச்சை அவிழ்த்தா, யார் அவிழ்த்தாங்கன்னு உங்களைத்தான் கேட்பேன்," என்றார்.

அன்று அவர் போனார், பார்த்தார். அடுத்த புதன்கிழமை மறுபடி உட்கார்ந்தபோது மேனேஜரின் குரலில் அந்த மென்மை இல்லை. மடிப்பையும் நாத்தனாரையும் திங்கள் முதல் பழைய இடத்திலேயே எடுத்துக்கொள்வதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். கம்பி கீழே இறங்கியாயிற்று. அதை மறுபடி கட்டினால் இயந்திரத்துக்கே சீல் வைப்பதாக அதிகாரி எழுதிக்கொடுத்தார். விரல் போன பெண்ணைத் தன்னை வந்து பார்க்கச் சொல்லும்படியும் சொன்னார்.

படியிறங்கும்போது மேனேஜர் நேரக்காரியின் பக்கத்தில் வந்தார்.

"ஜெயிச்சுட்டீங்க. ஆனா அந்த சர்டிஃபிகேட்ல என் கையெழுத்து வராது. நீங்க எத்தனை வருசம் படிச்சாலும் இந்தத் தொழில்ல உங்களை யாரும் எடுக்கமாட்டாங்க. ஃபோன் பண்ணிக் கேப்பாங்க, என்கிட்டதான் கேப்பாங்க."

"கேக்கட்டும் சார்," என்றாள் அவள். "என்கிட்டயும் கேப்பாங்கல்ல? நானும் சொல்றேன்."

கணவனுக்கு மூன்று ஓட்டல்களுக்குச் சுமை இறக்க வேண்டியிருந்தது. "பஸ்ல போயிடுங்க" என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு வேனை எடுத்தான். மடிப்பு தன் மனைவிக்கு ஃபோன் செய்துகொண்டே எதிர்த்திசையில் போய்விட்டார். நாத்தனாரும் நேரக்காரியும் மட்டும் நிறுத்தத்தில் நின்றார்கள். மழை விட்டிருந்தது. வெயில் ஈரச் சாலையிலிருந்து புழுக்கத்தைக் கிளப்பியது. செய்தி சொல்லி அனுப்ப மகள் பக்கத்தில் இல்லை.

"அவன் என்ன சொன்னான் படியில?" என்று நாத்தனார் சாலையைப் பார்த்துக் கேட்டாள்.

"கையெழுத்துப் போடமாட்டானாம்."

"அப்போ படிப்பு?"

"இந்த வருசம் போச்சு. வேற கம்பெனியில முதல்லேருந்து பண்ணணும். யாராவது விடணும். பார்க்கலாம். விட்டுடலாமான்னும் தோணுது அண்ணி."

நாத்தனார் சடக்கென்று திரும்பினாள்.

"விடுவியா? என்னடி நெனச்சுக்கிட்டிருக்க? ரெண்டு வருசம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உன் புள்ளைக்குப் பேன் பார்த்தேன். என் வேலையைக் கொண்டுபோய் அவன் மேசையில வச்ச. ஒரு மாசம் வீட்டுல உக்காந்து, அழுக்கில்லாத துணியைத் துவைச்சேன். இவ்வளவையும் முழுங்கிட்டு அரைகுறையா நிப்பியா? நின்னு பாரு. சும்மா விடமாட்டேன் உன்னை."

"சரி அண்ணி."

"சரின்னா மன்னிச்சுட்டேன்னு அர்த்தமில்லை."

"தெரியும் அண்ணி."

"என்னத்தைத் தெரியும் உனக்கு?"

பேருந்து வந்தது. நாத்தனார் முந்திக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தன் பையைத் தொப்பென்று வைத்தாள். நேரக்காரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு நிறுத்தம் போயிற்று. மூன்றாவதில் ஏறிய ஒரு பெரியவர் பையைக் காட்டி, "இங்க ஆள் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு," என்றாள் நாத்தனார்.

பையை எடுக்கவில்லை. நேரக்காரி சற்றுப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தானே பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஈரச் சாலையில் பேருந்து குலுங்கியபோது இருவர் தோளும் இடித்துக்கொண்டன. வீடு வரும்வரை நாத்தனார் ஜன்னலுக்கு வெளியே எதையோ முறைத்துக்கொண்டு வந்தாள்.